கெடு மாணவர்களுக்கு மட்டும்தானா?

மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சர் அவர்களுக்கும், தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அமைச்சர் அவர்களுக்கும், இவ்விரு துறைகளின் கோப்புகளும் கடைசியில் வந்து நிற்கும் நிதித்துறைச் செயலர்களுக்கும் வணக்கம்.

அரசாணையில் ‘போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை’ என்றும், கல்லூரி வராந்தாவில் வெறும் ‘ஸ்காலர்ஷிப்’ என்றும் சொல்லப்படுகிற பணத்தைப் பற்றி எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான இந்தத் திட்டத்துக்கு 2020 டிசம்பர் 23 அன்று மத்திய அமைச்சரவை 59,048 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதில் 60 சதவீதம், அதாவது 35,534 கோடி, மத்திய அரசின் பங்கு. மீதி மாநிலங்களுடையது. அந்த ஒப்புதல் 2025-26 வரைக்குமானது. அடுத்த சுற்றின் விதிகளைப் புதிதாக எழுதினாலும் சரி, பழையதைத் திருத்தி நீட்டினாலும் சரி, அதில் உங்களுக்கென்று ஒரு தேதியைச் சேருங்கள் என்று கேட்பதற்குத்தான் இந்த மடல்.

நான் ஓர் உதவிபெறும் கல்லூரியின் அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். அதனால் தொகை எவ்வளவு என்பதைவிட அது எப்போது வருகிறது என்பதில்தான் என் கண் போகும்.

2024-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். உத்தரப்பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன். பட்டியல் சாதி மாணவர். தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஜூன் 24 மாலை ஐந்து மணி கெடு. ஊரில் அங்கே இங்கே புரட்டிப் பணம் சேர்ப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. சில நிமிடத் தாமதம், இடம் போயிற்று. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அந்தப் பையன் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து பார்த்தான். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவில் தனக்குள்ள தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவனைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. நாடே கைதட்டியது. நானும்தான் தட்டினேன். ஆனால் என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு அந்தச் செய்தியில் வேறொன்றும் தெரிந்தது. அந்தப் பையன் சாதியாலும் வருமானத்தாலும் அரசின் உதவிக்கு உரியவன். ஆனால் அந்த உதவியில் ஒரு ரூபாய்கூட ஜூன் மாதத்தில் அவன் கையில் இருக்க வழியில்லை. எந்த ஆண்டிலும், எந்த மாநிலத்திலும், சேர்க்கை நாளில் அந்தப் பணம் கையில் இருக்கும்படி திட்டம் வகுக்கப்படவே இல்லை.

மாணவன் ஐந்து மணியைத் தாண்டினால் அவன் இடம் பறிபோகிறது. நீங்கள் நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தைத் தாண்டினால் உங்களுக்கு என்ன ஆகிறது?

ஒரு கல்வியாண்டு எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். உங்களிடம் வரும் பயன்பாட்டுச் சான்றிதழ்களில் இது தெரியாது. ஜூன், ஜூலையில் சேர்க்கை. முதல் பருவக் கட்டணத்தை அப்போதே கேட்பார்கள். விடுதி என்றால் முன்பணம் தனி. மாணவர் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தக நகல், ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு வருவார். விண்ணப்பத் தளம் திறக்க வேண்டும். திறந்ததும் விவரம் ஏற்ற வேண்டும். பெயரில் இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று ஆதாரும் மதிப்பெண் பட்டியலும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். அதைத் திருத்த ஒரு வாரம் இ-சேவை மையம். பிறகு கல்லூரி சரிபார்க்கும், அதன்பின் மாவட்ட அலுவலகம். மாநிலம் தன் பங்கான 40 சதவீதத்தை முதலில் மாணவர் கணக்கில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மத்திய அரசின் 60 நகரும். என் மேஜையிலிருந்து பார்த்தவரை, இரண்டும் ஒரே பருவத்துக்குள் வந்து சேர்ந்தால் அது நல்ல ஆண்டு. இறுதியாண்டு மாணவருக்கு, அவர் டி.சி. வாங்கிக்கொண்டு போன பிறகு பணம் ஏறியதும் உண்டு.

இதற்கிடையில் அந்த மாணவர் எங்கள் ஜன்னலுக்கு எத்தனை முறை வருவார் தெரியுமா? “சார், அமௌண்ட் ஏறிடுச்சா?” இந்த ஒரு கேள்விதான். பின்னாளில் அதற்கு எங்கள் பதில் மாறிப்போயிற்று: “உன் அக்கவுண்ட்டுக்குத்தானே வரும், நீதாம்ப்பா பாக்கணும்.”

கணக்கைப் பார்க்கலாம் என்றால், ஆதார் இணைப்பில் ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பணம் மாணவர் எழுதித்தந்த வங்கிக் கணக்குக்குப் போவதில்லை. அவருடைய ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கே போகும். பள்ளியில் ஒரு கணக்கு, கல்லூரியில் ஒரு கணக்கு, இடையில் வாசலுக்கு வந்து கைரேகை வாங்கித் தபால்காரர் தொடங்கிக் கொடுத்த ஒரு கணக்கு. மூன்றில் எதில் பணம் விழுந்தது என்று கண்டுபிடிக்க ஒரு பெண் இரண்டு வங்கிகளுக்கும் ஒரு தபால் நிலையத்துக்கும் அலைந்ததை நான் அறிவேன். பணம் வந்திருந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடித்துக்கொண்டு மீதியை வைத்திருந்தார்கள். அரசுக் கணக்கில் அது ‘வழங்கப்பட்டது’. அந்தப் பெண்ணுக்கோ அது கடனை அடைக்கக்கூடப் போதாத தொகை.

கடன் என்று சொன்னேன். அதன் கணக்கையும் பாருங்கள். உதவிபெறும் கல்லூரி என்றாலும் சாயங்கால ஷிஃப்டில் சுயநிதிப் பிரிவு இருக்கும். இடம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். ஆண்டுக் கட்டணம் 25 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா அதை மூணு வட்டிக்கு வாங்குகிறார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். எட்டு மாதம் கழித்து அரசுப் பணம் வந்தால் வட்டி மட்டும் 6,000 ரூபாய். 2021-இல் நீங்கள் வெளியிட்ட விதிமுறைப்படி, வீட்டிலிருந்து போய்வந்து பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் மாணவருக்குக் கட்டணம் போக நீங்கள் தருகிற படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். ஒரு நாளுக்கு எட்டு ரூபாய்ச் சொச்சம். தொகை போதாது என்பதைப் பற்றி நான் வேறெதுவும் சொல்லப்போவதில்லை. தேநீர்க் கடைக்குப் போகிற யாருக்கும் அது தெரியும். நான் சொல்வது இதைத்தான்: நீங்கள் தரும் படியைப் போல இரண்டு பங்கை உங்கள் தாமதமே தின்றுவிடுகிறது. அந்த எட்டு மாதமும் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருப்பது ஒரு கூலித் தொழிலாளியின் வீடு.

உங்களுக்கு உங்களையே கெடுவில் கட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வருமான வரியில் கூடுதலாகக் கட்டியதைத் திருப்பித்தரத் தாமதித்தால் மாதம் அரை சதவீதம் வட்டி தருகிறீர்கள். சிறுதொழில் நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி என்று 2006-இல் சட்டம் போட்டீர்கள். நூறு நாள் வேலைச் சட்டத்தில்கூட, கூலி 15 நாளுக்குள் வரவில்லையென்றால் நாளுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்று எழுதிவைத்தீர்கள். எழுதியபடி எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது வேறு கதை, எழுதவாவது செய்தீர்கள். வரி கட்டுகிறவருக்கும் வியாபாரிக்கும் கூலிக்காரருக்கும் உள்ள இந்த விதி, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போனதும் எங்கே காணாமல் போகிறது?

நேரடியாக மாணவர் கணக்குக்குப் பணம் அனுப்புவது ஊழலைத் தடுக்கத்தான் என்பீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஹிமாச்சலப் பிரதேசத்தில் இத்தகைய உதவித்தொகைகளில் 250 கோடிக்கு மேல் முறைகேடு என்று 2019-இல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. இல்லாத மாணவர்கள் பேரில் கல்லூரிகள் பணம் எடுத்த கதைகள் மற்ற மாநிலங்களிலும் உண்டு. கல்லூரி முதலாளிகளை நல்லவர்கள் என்று நம்பிக்கொண்டு நான் எழுதவில்லை. அவர்களிடம் சம்பளம் வாங்கியவன் நான். ஆனால் திருடியவர் கல்லூரிக்காரர். அதற்குப் போட்ட பூட்டின் சாவியைத் தேடி அலைகிறவர் மாணவர். முன்பு அரசுக்கும் கல்லூரிக்கும் இடையே இருந்த பாக்கி, இப்போது கல்லூரிக்கும் மாணவருக்கும் இடையிலான பாக்கியாகிவிட்டது. பணம் பாதி ஏறியதும் கல்லூரி கேட்கும்: “வந்துடுச்சாமே, கொண்டாந்து கட்டு.” வராவிட்டாலும் கேட்கும். ‘நோ டியூஸ்’ இல்லாமல் ஹால் டிக்கெட் இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லும். எழுத்தில் தராது.

‘ஃப்ரீஷிப் கார்டு’ என்று ஒன்று உங்கள் விதிமுறையிலேயே இருக்கிறது. அந்த அட்டை உள்ள மாணவரிடம் சேரும்போது கட்டணம் கேட்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். நல்ல விதி. ஆனால் கட்டணத்துக்குக் காத்திருக்கும்படி கல்லூரிக்குச் சொன்ன நீங்கள், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. ஆசிரியருக்குச் சம்பளம் தர வேண்டிய சிறிய கல்லூரி எத்தனை மாதம் காத்திருக்கும்? அதனால் அட்டையைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார்கள். ‘அந்த கோர்ஸ்ல சீட் முடிஞ்சிடுச்சு’ என்கிறார்கள். தேதியில்லாத வாக்குறுதி கல்லூரி வாசலில் செல்லாது.

மத்திய அரசும் மாநில அரசும் இந்த விஷயத்தில் ஒருவரையொருவர் கைகாட்டுவதை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம், ஒரு ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் மாநிலம் எவ்வளவு செலவு காட்டியதோ அதை அடுத்த ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் மாநிலமே ஏற்க வேண்டும் என்றொரு விதி இருந்தது. அதிகம் பேரைப் படிக்கவைத்த மாநிலத்துக்கு அதிகச் சுமை. 2017-க்குப் பிறகு தமிழ்நாட்டின் சுமை பல மடங்கு ஏறி, மத்திய அரசின் பங்கு சுருங்கிப்போனது. சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் மேல் கடிதம் போனது. 60:40 என்று 2020-இல் மாற்றியது அந்த வகையில் பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கும் மாநிலத்தைக் கேட்டால் மத்தியிலிருந்து வரவில்லை என்பதும், மத்தியைக் கேட்டால் மாநிலம் விவரம் அனுப்பவில்லை என்பதும் நிற்கவில்லை. (கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்கு மத்தியத் திட்டத்தில் இடமே இல்லை, தமிழ்நாடு தன் பணத்தில் தருகிறது. அதற்காக மாநிலத்தைப் பாராட்ட வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கும் பணம் தாமதமாகத்தான் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

தமிழ்நாட்டு அமைச்சர் அவர்களே, நேரத்துக்குத் தருவது முடியாத காரியம் என்று நீங்கள் சொல்ல முடியாது. தாலிக்குத் தங்கம் தந்துகொண்டிருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை மாற்றி, 2022 செப்டம்பர் 5 அன்று ‘புதுமைப் பெண்’ என்று தொடங்கினார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் ‘தமிழ்ப் புதல்வன்’ வந்தது. வருமானச் சான்று கேட்பதில்லை. சாதி கேட்பதில்லை. ஆண்டு முடிவில் மொத்தமாக இல்லாமல் மாதா மாதம் என்று வகுத்தார்கள். அந்த ஆயிரத்தை நம்பி ஒரு பெண் பஸ் செலவுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் திட்டம் போடுகிறாள். ஸ்காலர்ஷிப்பை நம்பி யாரும் அப்படித் திட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. அது வந்தால் லாபம் என்கிற கணக்கில் வைத்திருப்பார்கள். உரிமையான பணத்தைப் பரிசுச் சீட்டுப் பணம் போல நினைக்கப் பழக்கிவிட்டோம்.

வருமான வரம்புக்கு வருகிறேன். 2013-இல் இரண்டு லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் ஆக்கினீர்கள். 2021 விதிமுறையிலும் அதே இரண்டரை லட்சம். ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 400 ரூபாய் கூலிக்கு, மாதம் 26 நாள் வேலை செய்தால் ஆண்டுக்கு 2,49,600 ரூபாய் வரும். கூலியை ஆளுக்கு ஒரு ரூபாய் கூட்டினால் வரம்பைத் தாண்டிவிடுவார்கள். தமிழ்நாட்டில் இன்று எந்தக் கொத்தனார் 400 ரூபாய்க்கு வருகிறார்? அதனால் எல்லோரும் பொய் சொல்கிறோம். கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும், தாசில்தாருக்குத் தெரியும், சான்றிதழைக் கோப்பில் வைத்த எனக்கும் தெரியும், 72 ஆயிரம் என்று அதில் எழுதியிருப்பது அந்த வீட்டின் வருமானம் அல்ல என்று. ஏழை வீட்டுப் பிள்ளை கல்லூரியில் வைக்கிற முதல் ஆவணமே பொய்யாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்.

இந்தப் பொய்யைக்கூடச் சொல்ல முடியாதவர்கள் இருக்கிறார்கள். நகராட்சியில் நிரந்தரமான தூய்மைப் பணியாளர், பள்ளியில் இரவுக் காவலர், அலுவலக உதவியாளர். இவர்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. பல தலைமுறைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர் மாதச் சம்பளம் வாங்கும் நிலைக்கு வந்திருப்பார்; அதனாலேயே அவர் பிள்ளைக்கு உதவித்தொகை நின்றுபோகும். சாக்கடையில் இறங்கி வேலை பார்த்தவரின் மகளுக்கு ‘உங்கப்பா வருமானம் அதிகம்மா’ என்று நான் என் வாயால் சொல்லியிருக்கிறேன். இதே நாட்டில் 2019-இல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு இட ஒதுக்கீடு தந்தபோது நலிவுக்கு வைத்த எல்லை எட்டு லட்சம். அது இட ஒதுக்கீடு, இது பண உதவி, இரண்டும் ஒன்றல்ல என்று உங்கள் அதிகாரிகள் குறிப்பு எழுதுவார்கள். சரி, ஒன்றல்ல. ஆனாலும் ஒருவருக்கு எட்டு லட்சம் வரை ஏழ்மை, இன்னொருவருக்கு இரண்டரை லட்சத்தோடு ஏழ்மை தீர்ந்தது என்பதற்கு என்ன காரணம் என்று அந்தக் குறிப்பில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், படித்துப் பார்க்கிறேன்.

இந்தத் திட்டம் யாரால் வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் 1942-இல் லின்லித்கோ பிரபுவுக்கு ஒரு நீண்ட மனு எழுதினார். 1944-இல் இந்த உதவித்தொகை தொடங்கியது. ஆனால் அதற்கும் கால் நூற்றாண்டு முன்னால் நடந்த ஒன்றை ஜெயந்தி மேடைகளில் யாரும் அதிகம் சொல்வதில்லை. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில்தான் 1913-இல் அவர் நியூயார்க் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுக்கு. அங்கிருந்து லண்டன் போய்ப் படித்துக்கொண்டிருக்கும்போது 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். தனியே அனுப்பிய அவருடைய புத்தகங்கள் போரில் கப்பலோடு மூழ்கின. சம்பாதித்து, மிச்சம் பிடித்து, நண்பரிடம் கடன் வாங்கி, 1920-இல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது. பணம் நின்ற மாதத்தில் படிப்பும் நிற்கும் என்பதை அனுபவித்த ஒருவர் கேட்டு வாங்கிய திட்டம் இது. எண்பது ஆண்டுகள் கழித்தும் அதில் பணம் தவறாமல் வரும் தேதி என்று ஒன்று இல்லை.

எழுத வேண்டியது அதிகமில்லை. சேர்க்கை முடிந்த 45 நாளுக்குள் முதல் பருவக் கட்டணம் போய்ச் சேர வேண்டும். மத்திய அரசின் பங்கு மாநிலத்தின் பங்குக்காகக் காத்திருக்கக் கூடாது. யார் தாமதித்தாரோ அவர் பங்கிலிருந்து மாதம் அரை சதவீத வட்டியாவது மாணவர் கணக்கில் ஏற வேண்டும். வரி கட்டியவருக்கு நீங்கள் தருகிற அதே வட்டிதான், கூடக் கேட்கவில்லை. கட்டணத்தை மாணவர் கணக்கு வழியே சுற்றவிடாமல், அவர் சேர்ந்திருக்கிறார், வகுப்புக்கு வருகிறார் என்று உறுதி செய்துகொண்டு கல்லூரிக்கே அனுப்பிவிட்டு, படிப்புப் படியை மட்டும் மாணவருக்கு மாதா மாதம் போடுங்கள். கல்லூரியைக் கண்காணிப்பது உங்கள் வேலை. அதைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். அரசுப் பணம் பாக்கி இருக்கும்வரை எந்த ஹால் டிக்கெட்டும் எந்த டி.சி.யும் நிற்கக் கூடாது என்பதைச் சுற்றறிக்கையாக இல்லாமல், மீறினால் அங்கீகாரத்தைத் தொடும் விதியாக எழுதுங்கள். வருமான வரம்பை இன்றைய கூலிக்கு ஏற்ப உயர்த்தி, ஆண்டுதோறும் விலைவாசியோடு தானே ஏறும்படி வைத்துவிடுங்கள். அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை தானே ஏறுவது எனக்கும் உங்கள் செயலர்களுக்கும் பழக்கமான விஷயம்தான்.

நிதித்துறைச் செயலர்கள் ‘நிதி நிலைமைக்கு உட்பட்டு’ என்றொரு சொற்றொடரைச் சேர்ப்பார்கள். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள் அமைச்சர்களே. கட்டணம் கட்டும் நாளில் எந்த மாணவரும் தன் நிதி நிலைமைக்கு உட்பட்டுக் கட்டுவதாகச் சொல்ல முடிவதில்லை.

அடுத்த ஜூன் மாதத்தில் கலந்தாய்வு முடிந்து பிள்ளைகள் கல்லூரி அலுவலக ஜன்னல்களில் வந்து நிற்பார்கள். அதற்கு முன்பே இந்த விதிகளை அரசிதழில் வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்லூரி ஸ்காலர்ஷிப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓர் எழுத்தர்